இடமும் தடமும்: இணைய வரைபடங்களின் பயனும் தனியுரிமையும் – வேங்கிக்காலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

திருவண்ணாமலை நகருக்கு வடக்கே, வேலூர் சாலையில் அமைந்திருக்கிறது வேங்கிக்கால். 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் இன்று இருப்பது வேங்கிக்காலில்தான். ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் இன்று அரசு ஊழியர் குடியிருப்புகளும் மனைப்பிரிவுகளும் நிறைந்துவிட்டன. பௌர்ணமி தோறும் வேலூர், போளூர் பக்கத்திலிருந்து கிரிவலத்துக்கு வருபவர்கள் இந்த ஊரைக் கடந்தே நகருக்குள் நுழைகிறார்கள்.

இணைய வரைபடத்தை ஆராய இந்தச் சிற்றூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. வழி தேடும் வெளியூர்க்காரர், மனை வாங்க வரும் குடும்பம், நில ஆவணங்களைக் காக்கும் அரசு அலுவலகம் என மூன்று தரப்பும் இங்கே ஒரே சாலையில் சந்திக்கின்றன. மூவர் கையிலும் இருப்பது ஒரே கைபேசி வரைபடம். ஆனால் அதிலிருந்து மூவரும் பெறுவது வேறு, அதற்கு மூவரும் கொடுக்கும் விலையும் வேறு.

இணைய வரைபடத்தில் உள்ள தகவலை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் முறை. முதலாவது, நிலம்: சாலை, ஏரி, ஓடை, மலைச்சரிவு. இரண்டாவது, உரிமை: எந்த மனை யாருடையது, எந்த வீட்டில் யார் இருக்கிறார். மூன்றாவது, நடமாட்டம்: யார், எந்த நேரத்தில், எங்கே இருந்தார். முதல் அடுக்கு முழுமையாக மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, தேவையின் அளவுக்குத் திறக்க வேண்டும். மூன்றாவது அந்தந்த மனிதருக்கே உரியது. நம் நாட்டில் நீண்ட காலம் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. நிலத்தைப் பூட்டிவைத்தோம், மனிதரைத் திறந்துவிட்டோம். இதை நிறுவுவதும் சரிசெய்யும் வழியைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. அளத்தலும் அதிகாரமும்: வரலாற்றுப் பின்னணி

2.1 சோழர் முதல் கம்பெனி வரை

தமிழகத்தில் நில அளவை ஆட்சியின் அடிப்படை வேலைகளில் ஒன்று. கி.பி. 1000-ஐ ஒட்டி முதலாம் இராசராசன் சோழ நாட்டை அளக்கச் செய்தான். உலகளந்த கோல் என்ற அளவுகோல் அதற்குப் பயன்பட்டது. தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலி நிலத்தின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடப்பட்டிருக்கிறது. அத்தனை நுட்பமும் வரிக்காக. ஆனால் அளவு கல்லில் வெட்டப்பட்டுக் கோயில் சுவரில் நின்றது. ஊரார் கண்முன் நின்ற கணக்கு அது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் 1767-இல் இந்திய நில அளவைத் துறை தொடங்கியது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இமயம் வரை நீண்ட பெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். ஆட்சிக்கும் படைக்கும் உதவவே இந்த வரைபடங்கள் பிறந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நுட்பமான நிலவரைபடங்கள் பல்லாண்டுகள் பொதுமக்களின் கைக்கு எட்டாமலே இருந்தன.

2.2 இணையம் வந்த பின்

அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. அதன் பிறகுதான் சாதாரணக் கருவியும் சில மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டத் தொடங்கியது. 2004-இல் தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ், அதே ஆண்டின் நடுவில் கூகுள் எர்த் என அடுத்தடுத்து வந்தன. இந்தியாவில் 1995-இல் தொடங்கிய மேப்மைஇந்தியா நிறுவனமும், 2009-இல் இஸ்ரோ வெளியிட்ட புவன் தளமும் உள்நாட்டு முயற்சிகள்.

நம் அரசு இவற்றை எப்படி எதிர்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2005-இலேயே கூகுள் எர்த் படங்களால் நாட்டின் முக்கிய இடங்களுக்கு ஆபத்து வரலாம் என்று எச்சரித்தார். 2013-இல் கூகுள் நடத்திய வரைபடப் போட்டி மீது நில அளவைத் துறை புகார் அளித்தது, விசாரணை சிபிஐ வரை சென்றது. 2016-இல் வெளியான புவிசார் தகவல் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவு, அனுமதியின்றி வரைபடத் தகவல் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதமும் 7 ஆண்டு வரை சிறையும் விதிக்க முன்வந்தது. கடும் எதிர்ப்பால் அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த புதிய வழிகாட்டுதல்கள் போக்கை மாற்றின. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி வரைபடத் தகவலைத் திரட்டலாம், 1 மீட்டரைவிட நுட்பமானவற்றை வெளிநாட்டு நிறுவனங்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவை கூறின. அதன் பயனாகவே, முன்பு மறுக்கப்பட்ட, தெருக்களைப் படமாகக் காட்டும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் இந்திய நிறுவனங்களின் துணையுடன் சென்னை உள்ளிட்ட 10 நகரங்களுக்கு வந்தது.

இந்த வரலாற்றை ஒருசேரப் பார்த்தால் ஒன்று புலப்படும். அணை, படைத்தளம், எல்லைக்கோடு ஆகியவற்றைப் பற்றி அரசு கவலைப்பட்ட அளவுக்கு, வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் குடிமகனின் நடமாட்டம் பற்றிக் கவலைப்படவில்லை. தேசப் பாதுகாப்பு என்ற கவலை நியாயமானதே. ஆனால் அந்த ஒரு கவலையே மற்றதை மறைத்துவிட்டது.

3. வரைபடம் எதை வாங்கிக்கொண்டு எதைத் தருகிறது

கைபேசி தன் இடத்தை மூன்று வழிகளில் அறிகிறது: குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை, பக்கத்துக் கைபேசிக் கோபுரங்கள், சுற்றியுள்ள வைஃபை இணைப்புகள். செயற்கைக்கோள் சமிக்ஞை மட்டுமானால் தகவல் கைபேசிக்குள் வருகிறதே தவிர வெளியே போவதில்லை. அந்த இடத்தைச் செயலி தன் நிறுவனத்துக்கு அனுப்பும்போதுதான் கதை மாறுகிறது. சாலையில் நெரிசலைச் சிவப்பாகக் காட்டுவது வானத்திலிருந்து எடுத்த படம் அன்று. அந்தச் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் கைபேசிகள் அனுப்பும் வேகக் கணக்கு அது. 2020-இல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 கைபேசிகளைக் கைவண்டியில் ஏற்றி வெறிச்சோடிய தெருவில் மெல்ல இழுத்துச் சென்றார். வரைபடத்தில் அந்தத் தெரு சிவந்தது.

ஆக, வேங்கிக்காலில் வண்டியை நிறுத்தி நெரிசல் பார்ப்பவர் தகவலைப் பெறுபவர் மட்டுமல்ல, தருபவரும்கூட. கொடுப்பதும் வாங்குவதும் கலந்த உறவு இது. அதனால் இதைத் தீமை என்று ஒதுக்கவும் முடியாது, இலவசம் என்று நம்பவும் கூடாது.

4. பயன்கள்

4.1 வழியும் கூட்டமும்

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கிழக்கே இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். பௌர்ணமியன்றும் கார்த்திகைத் தீபத்தன்றும் நகருக்குள் வரும் சாலைகள் தோறும் தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்துமிடங்களும் அமைகின்றன. வேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் வண்டியை ஊருக்கு வெளியேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். எங்கே நிறுத்தினோம் என்று வரைபடத்தில் ஒரு குறி போட்டுவைத்தவர், மறுநாள் விடியற்காலையில் கால் வலியோடு திரும்பும்போது வயல்வெளியில் வண்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

குடும்பமாக வருபவர்களுக்கு நேரலை இருப்பிடப் பகிர்வு பெரிய துணை. வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று அளவில் பகிரலாம். வயதான பெற்றோர் பின்தங்கினால் எமலிங்கத்தைத் தாண்டிவிட்டார்களா, நிருதிலிங்கம் வந்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் லட்சக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடும் இரவில் இணையம் திணறும், குறி நகராமல் நிற்கும். "வாயுலிங்கம் வாசல்ல நில்லுங்க, வந்துடறோம்" என்று முன்கூட்டிப் பேசிவைத்த குடும்பம்தான் அப்போது பிரியாமல் சேர்கிறது. ஊரின் பழைய அடையாளங்களை விட்டுவிடாமல் வரைபடத்தோடு சேர்த்துப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

முகவரி இன்னொரு பயன். வேங்கிக்காலின் புதிய மனைப்பிரிவுகளில் "தண்ணி டேங்க் தாண்டி ரெண்டாவது தெரு, வேப்பமரத்துக்கு எதிர்வீடு" என்பதுதான் பல வீடுகளின் முகவரி. இதற்குத் தீர்வாக அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் முறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டர்க்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு கொடுக்கும் முறை இது. அந்தக் குறியீட்டில் இடம் மட்டுமே இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை. நிலத்தையும் ஆளையும் பிரித்துவைக்கும் நல்ல வடிவமைப்புக்கு இது எடுத்துக்காட்டு.

4.2 நிலமும் நீரும்

ஏரியை ஒட்டி மனை வாங்க விரும்பும் ஒருவர் வரைபடத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தரகர் வாட்ஸ்அப்பில் ஒரு குறியை அனுப்புவார்: "கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து அஞ்சு நிமிஷம் சார்." அதைத் தொட்டால் செயற்கைக்கோள் படத்தில் வெளிறிய வெற்றுநிலம் தெரியும். கோடையில் எடுத்த படமாக அது இருக்கக்கூடும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் வரிசையாகப் பார்க்கலாம். மழைக்குப் பிந்தைய மாதங்களின் படத்தில் அதே இடம் கருநீலமாகவோ அடர்பச்சையாகவோ தெரிந்தால், அங்கே நீர் நிற்கக்கூடும் என்று பொருள். அடுத்து, சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழக அரசின் இணையச் சேவையில் அ-பதிவேட்டைப் பார்க்க வேண்டும். நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பது அதில் இருக்கும். புலப்படத்தில் ஓடையின் கோடு மனைக்குள் ஓடுகிறதா என்று தெரியும். வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். முன்பு தாலுகா ஆபீசுக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் நடையாய் நடந்து பெற வேண்டியிருந்த தகவல் இது.

இங்கே ஒரு குறை இருக்கிறது. ஏரியின் நீர்ப்பிடிப்பு எல்லை, மதகு, கலங்கல், உபரிநீர் போகும் கால்வாய் ஆகியவை வருவாய்த் துறை ஆவணத்தில் எண்ணாகவும் கோடாகவும் இருக்கின்றன. மக்கள் அன்றாடம் விரித்துப் பார்க்கும் வரைபடத்தில் ஏரி வெறும் நீலத் திட்டு. அந்த ஆவணங்களைத் தேடிப் போகிறவருக்குத்தான் கதவு திறக்கும். நிலம் என்ற முதல் அடுக்கு இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை என்று சொல்வது இதனால்தான்.

4.3 பேரிடர்

ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரம். வரைபடம் பாறையை நிறுத்தாது. ஆனால் சரிவின் கோணம், மழைநீர் இறங்கும் தடம், அதற்கு நேர் கீழே உள்ள வீடுகள் ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் வைத்தால், கனமழை எச்சரிக்கை வரும் நாளில் எந்தத் தெருவை முதலில் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிடலாம். உயரத் தகவலும் வீடுகளின் படமும் இன்று எளிதில் கிடைப்பவை. அவற்றைச் சேர்த்து வைத்து, தெருவில் இருப்பவருக்குப் புரியும்படி வெளியிடும் பொறுப்புதான் மிச்சம்.

மக்களே இதைச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழகத்தில் முன்னுதாரணம் உண்டு. 2015 சென்னை வெள்ளத்தின்போது வரைபடக் கலைஞர் அருண் கணேஷும் நண்பர்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்டு ஒரு வெள்ள வரைபடத்தை உருவாக்கினார்கள். தண்ணீர் தேங்கிய தெருவைத் தொட்டால் போதும், அது நிறம் மாறி எல்லோருக்கும் தெரியும். குறித்தவர் பெயர் தேவைப்படவில்லை. தெருவைப் பற்றிய தகவல் கிடைத்தது, தகவல் தந்தவர் யார் என்பது முக்கியமாக இருக்கவில்லை.

4.4 வரைபடத்தை நம்பும் எல்லை

பயனைச் சொல்லும்போது பிழையையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, கட்டி முடிக்கப்படாத பாலத்தில் ஏறிய கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர். வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றிச் சென்றதாகச் செய்திகள் வந்தன. அந்த ஆண்டு தொடக்கத்தில் நீலகிரி கூடலூரில் ஒரு சுற்றுலாக் கார் இதேபோல் படிக்கட்டில் இறங்கி நின்றது, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பாலம் அறுந்துவிட்டது, சாலை அடைக்கப்பட்டது என்ற செய்தியை வரைபடத்துக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பது இங்கே வரையறுக்கப்படவில்லை. திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவின் சாலைத் தடுப்புகளுக்கும் இது பொருந்தும்.

5. தனியுரிமைக் கவலைகள்

5.1 தடமே அடையாளம்

பெயரை நீக்கிவிட்டால் இருப்பிடத் தகவல் பாதுகாப்பானது என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு. 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தகவலை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் போதும், நூற்றில் 95 பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. காரணம் எளியது. இரவில் ஒரு கைபேசி தங்கும் இடம் வீடு, பகலில் தங்கும் இடம் வேலை. வேங்கிக்காலில் ஒரு குறிப்பிட்ட தெருவில் உறங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் பகலைக் கழித்து, செவ்வாய்க்கிழமை ஒரு குறிப்பிட்ட கோயிலுக்கும் மாதம் ஒருமுறை ஒரு குறிப்பிட்ட மருத்துவமனைக்கும் போகிறவர் ஒரே ஒருவர்தான். பெயர் எழுதாவிட்டாலும் அவர் யார் என்று தெரிந்துவிடும். அவருடைய பக்தி, நோய், நட்பு, அரசியல் எல்லாம் அதிலிருந்து ஊகிக்கத்தக்கவை.

கூட்டமாகச் சேர்த்துக் காட்டினாலும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி தன் பயனர்களின் ஓட்டப் பாதைகளை உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைக் கூர்ந்து பார்த்தபோது, பாலைவனங்களில் இருந்த படைத்தளங்களின் சுற்றுப்பாதைகள் ஒளிர்ந்தன. ராணுவமே தன் தடத்தை மறைக்க முடியாதபோது தனிமனிதர் எம்மாத்திரம்?

பயனர் வேண்டாம் என்று சொன்னாலும் பதிவு நிற்காத காலமும் இருந்தது. கூகுளின் இருப்பிட வரலாற்றை நிறுத்திவைத்த பிறகும் வேறு அமைப்புகளின் வழியே இடம் பதிவானதை 2018-இல் ஒரு செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. இது தொடர்பான வழக்கில் 2022-இல் கூகுள் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில், இந்தப் பயணப் பதிவை இனி அவரவர் கைபேசியிலேயே வைக்கப்போவதாக அறிவித்தது. கேள்வி கேட்டால் வடிவமைப்பு மாறும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

5.2 வீட்டுக்குள் கண்காணிப்பு

தமிழ்க் குடும்பச் சூழலில் பெரிய நிறுவனத்தைவிட நெருங்கிய உறவின் கண்காணிப்பே உடனடியான கவலை. மயிலாடுதுறையில் 2020-இல் ஒரு கடைக்காரர் கூகுள் மேப்ஸ் மீது காவல்துறையில் புகார் அளித்தார். தான் போகாத இடங்களுக்கெல்லாம் போனதாக அந்தப் பயணப் பதிவு காட்டுவதாகவும், அதைப் பார்த்து மனைவி தினமும் சண்டையிடுவதாகவும் அவர் சொன்னார். கோபுரத்தையும் வைஃபையையும் வைத்துக் கணிக்கும் இடம் சில நேரம் பல தெருக்கள் தள்ளிக் காட்டும். இயந்திரத்தின் உத்தேசக் கணிப்பு, வீட்டில் சாட்சியாக ஏறி அமர்ந்துவிடுகிறது.

இதன் கொடிய முகம் பெண்கள் மீது விழுகிறது. கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் மகளின் கைபேசியில் இருப்பிடப் பகிர்வை முடிவின்றித் திறந்து வைப்பதைப் பாதுகாப்பு என்கிறோம். ஆபத்தில் உதவும் நோக்கம் உண்மையானதுதான். அதற்கென்றே தமிழகக் காவல்துறையின் காவல் உதவி செயலி 2022-இல் வந்தது. அவசரத்தில் பெண்ணே பொத்தானை அழுத்துகிறாள், அப்போது இடம் போகிறது. நாள் முழுவதும் அவளைக் கேளாமல் இடம் போய்க்கொண்டிருப்பது வேறு. சாதி கடந்து மணந்த இணையர் உயிருக்கு அஞ்சி ஊர் மாறி வாழ வேண்டியிருக்கும் மாநிலத்தில், மறந்துபோய் அணைக்காமல் விட்ட ஓர் இருப்பிடப் பகிர்வு கொலைக்கு வழிகாட்டலாம். இதை மிகைக் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

5.3 அரசுப் பதிவுகளில் திறந்துகிடக்கும் மனிதர்

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு செயலி வழியே கட்டாயமானது. பணித்தளத்தில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, இருப்பிடக் குறியோடு நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நின்ற பெண்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்தார்கள். வேலையை விட்டுவந்து நிற்க வேண்டியிருந்தது, சிக்னல் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டியிருந்தது, படம் ஏறாவிட்டால் கூலிக்கே சிக்கல் வந்தது. அந்தப் படங்கள் திட்டத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டன. போலி வருகையைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, தொடர்பில்லாத படங்களும் படத்தையே படம்பிடித்த படங்களும் ஏற்றப்படுகின்றன என்று சுட்டிக்காட்டிச் சுற்றறிக்கை விட்டது. மோசடி செய்கிறவர் தப்பிக்க வழி இருந்தது. நேர்மையாக உழைத்த பெண்ணின் முகத்துக்கு மறைப்பு இல்லாமல் போனது.

நில ஆவணமும் அப்படியே. சிட்டாவில் உரிமையாளர் பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும் இருக்கும். வாங்குபவர் ஏமாறாமல் இருக்க இந்தத் திறப்பு தேவை. ஆனால் தனியாக வாழும் ஒரு மூதாட்டிக்கு எத்தனை செண்ட் நிலம், அது எந்த இடம் என்பதை வாங்கும் எண்ணமே இல்லாத எவரும் வீட்டிலிருந்தபடி பார்க்கலாம் என்பது வேறு விஷயம். செயற்கைக்கோள் படமும் இந்தப் பதிவும் சேரும்போது, தனித்தனியே தீங்கற்ற இரண்டு தகவல்கள் சேர்ந்து ஒருவரைக் குறிவைக்கும் கருவியாகின்றன.

6. சட்டத்தின் நிலை

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. வரைபடத்தை நேரடியாகத் தொட்ட தீர்ப்பு 2024 ஜூலை 8 அன்று பிராங்க் வைட்டஸ் வழக்கில் வந்தது. பிணையில் வெளிவருபவர் கூகுள் மேப்ஸில் தன் இருப்பிடக் குறியை விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் கேள்விக்குள்ளானது. அந்தக் குறியால் ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர முடியாது என்று கூகுள் விளக்கியதால் நிபந்தனை பயனற்றது என்று நீதிமன்றம் கண்டது. அதோடு நிற்காமல், பிணையில் உள்ளவரின் ஒவ்வொரு அசைவையும் காவல்துறை தொடர்ந்து பார்க்க இடம்தரும் எந்த நிபந்தனையும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கு எதிரானது என்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்தக் காப்பு உண்டென்றால், ஏரிக்கரையில் கூலி வேலை செய்பவருக்கும் கல்லூரி மாணவிக்கும் இல்லாமல் போகுமா?

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதற்கும் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் பெறுதல், சொன்ன நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துதல், 18 வயதுக்குட்பட்டவரைத் தொடர்ந்து கண்காணிக்கத் தடை ஆகியவை இதன் நல்ல கூறுகள். இரண்டு ஓட்டைகளும் இருக்கின்றன. சட்டக் கடமையால் பொதுவில் வைக்கப்பட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அரசு அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு விலக்கு அளிக்கலாம். மேலே சொன்ன அரசுப் பதிவுகளுக்கு எதிராக இந்தச் சட்டத்தை நாடுகிறவரை இந்த ஓட்டைகளே திருப்பி அனுப்பக்கூடும்.

7. பரிந்துரைகள்

மூன்று அடுக்குகளின்படியே செய்ய வேண்டியவை பின்வருமாறு.

7.1 நிலம்: முழுமையாகத் திறக்க வேண்டியது

(அ) வேங்கிக்கால் ஏரி உட்பட மாவட்டத்தின் ஒவ்வொரு ஏரியின் எல்லை, கலங்கல், வரத்துக்கால்வாய், உபரிநீர்ப் பாதை ஆகியவற்றை ஆட்சியர் அலுவலகம் சர்வே எண் கேட்காமல் காணக்கூடிய வரைபடமாக வெளியிட வேண்டும். (ஆ) அண்ணாமலையார் மலைச்சரிவின் ஆபத்துப் பகுதிகளைத் தெரு அளவில் காட்டி, மழைக்காலத்துக்கு முன் அங்கு வாழ்பவர்களிடம் விளக்க வேண்டும். (இ) பௌர்ணமி, தீப நாட்களின் சாலை மாற்றங்களை வரைபட நிறுவனங்களுக்கு முன்கூட்டி அறிவிக்க ஓர் அலுவலரைப் பொறுப்பாக்க வேண்டும். (ஈ) கிரிவலப் பாதையின் குடிநீர், கழிப்பறை, முதலுதவி இடங்களை உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியலாம்.

7.2 உரிமை: தேவையளவு திறக்க வேண்டியது

நிலத்தின் வகை, பரப்பு, எல்லை, வில்லங்கம் எல்லோருக்கும் தெரியட்டும். உரிமையாளரின் பெயரைப் பார்ப்பவர் தன் அடையாளத்தைப் பதிந்தே பார்க்க வேண்டும். யார் பார்த்தார் என்பது உரிமையாளருக்குத் தெரிய வேண்டும். பணித்தளப் படங்களில் முகத்தை மறைத்தபின்பே பொதுவில் வைக்க வேண்டும். 2010-இல் ஜெர்மனியில் ஏறத்தாழ 2,44,000 வீட்டார் ஸ்ட்ரீட் வியூவில் தங்கள் வீட்டை மங்கலாக்கக் கோரினார்கள், நிறுவனம் இணங்கியது. திருவண்ணாமலையின் பெண்கள் விடுதிகளும் குழந்தைகள் இல்லங்களும் அதே உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும்.

7.3 நடமாட்டம்: அவரவருக்கே உரியது

சட்டமும் அரசும் மாறும்வரை கையில் இருக்கும் கைபேசியிலேயே செய்யக்கூடியவை உண்டு. செயலிகளுக்கு இருப்பிட அனுமதியை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று வைக்கலாம். வானிலை, செய்தி போன்ற செயலிகளுக்குத் துல்லிய இடம் தேவையே இல்லை, தோராய இடம் போதும். பயணப் பதிவை நிறுத்தலாம், அல்லது மூன்று மாதத்தில் தானே அழியும்படி வைக்கலாம். கிரிவலத்துக்கு வரும் முன் வரைபடத்தைத் தரவிறக்கிக்கொண்டால் இணையமின்றியும் வழி தெரியும். நேரலைப் பகிர்வைக் கால வரம்போடு கொடுத்து, வீடு திரும்பியதும் பகிர்ந்தோர் பட்டியலை ஒருமுறை பார்த்து நிறுத்த வேண்டும். வீட்டில் எடுத்த படங்களைக் கோப்பாக அனுப்பினால் எடுத்த இடத்தின் குறியும் கூடவே போகலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிள்ளைகளின் இருப்பிடத்தைப் பார்ப்பதென்றால் அவர்களுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் பார்ப்பது பெற்றோர் தரும் மரியாதை.

8. முடிவுரை

பயனுக்கும் தனியுரிமைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. இந்த ஆய்வில் கண்ட சான்றுகள் அதை ஏற்கவில்லை. வெள்ள வரைபடத்துக்குக் குறித்தவரின் பெயர் தேவைப்படவில்லை. டிஜிபினுக்கு வீட்டாரின் பெயர் தேவைப்படவில்லை. ஏரியின் எல்லையையும் மலைச்சரிவின் ஆபத்தையும் காட்ட ஒருவரையும் பின்தொடர வேண்டியதில்லை. மக்களைக் காக்கும் பயன்களில் பெரும்பகுதி நிலம் என்ற முதல் அடுக்கிலிருந்தே கிடைக்கிறது. தீங்கின் பெரும்பகுதி நடமாட்டம் என்ற மூன்றாம் அடுக்கிலிருந்து வருகிறது. நெரிசல் கணக்குப் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே இரண்டும் கலக்க வேண்டியிருக்கிறது. அங்கும் வேகம் போதும், ஆள் தேவையில்லை.

ஆகவே ஒவ்வொரு வரைபடச் சேவையிடமும், ஒவ்வொரு அரசுச் செயலியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வேலைக்கு இடம் மட்டும் போதாதா, ஆள் எதற்கு? மாவட்டத்தின் நில ஆவணங்கள் அனைத்துக்கும் தலைமையிடமான வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகமே இதற்கு முதல் விடை சொல்லலாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், மாவட்டத்தின் ஏரிகளையும் நீர்வழிகளையும் சரிவுகளையும் ஒருவர் பெயரும் இல்லாத திறந்த வரைபடமாக அது வெளியிடட்டும். மற்ற மாவட்டங்கள் பின்பற்ற அதுவே போதிய முன்மாதிரி.